மலை மேல கர சேந்த கத

இல்லமா, மீன் புடிக்கப் போன ஃபைபர் போட்டுங்க இன்னும் முய்சா வரல. இப்பதான் ஒண்ணு ரெண்டு தலகாட்டுது, மிச்சம்லாம் பின்னால வரும். நீ இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற, இப்டி நெயல்ல குந்து. அந்தப் பக்கம் வோணாம், ஐஸ் தண்ணி ஒயுகுது, துணிலாம் கலீஜாயிரும். எங்கேந்து வர? மாதவரமா. மொத தபா காசிமேட்டுக்கு வரியா. அதான் மூக்க மூடிகினு கீற. செத்த நேரம் போனா பயகிரும்.

இதுவா? காலுல கீற தயும்ப கேக்கறியா. எல்லாரும் மீன் முள்ளுன்னுதான் நெனிச்சிக்கறாங்க. முள்ளும் இல்ல, நண்டும் இல்ல, அட்டமா. ரத்தம் குடிக்குமே அந்த அட்ட. பொறந்ததுலேருந்து இந்த உப்புத் தண்ணிலதான் காலு வெச்சிகினு கீறேன், ஒரு சொறி மீனு கூட என்னத் தொட்டதில்ல. மலைக்குப் போயி அட்டகிட்ட கடி வாங்கிகினு வந்தேன். இன்னும் அரிக்குது பாரு.

மூணாறு பக்கம்மா. காடு. தேசியப் பூங்கான்னு போர்டு வெச்சிகீறான். பூங்கான்ன ஒடனே நானு நம்ம திருவொற்றியூர்ல கீற மாரி ஊஞ்சலு, சறுக்குமரம், ஓரமா சுண்டல்காரன்லாம் இருப்பான்னு நெனிச்சிட்டேன். ஊஞ்சலு எங்கன்னு டிக்கெட்டு குடுக்கறவன்கிட்ட கேட்டேன். அவன் எம்மூஞ்சப் பாத்தான், எம்பொண்ணு மூஞ்சப் பாத்தான், டிக்கெட்ட கிய்ச்சி குட்த்தான்.

யாருலாம் போனோமா? நானு, எங்கூட்டுக்காரு மாரியப்பன், எம்பொண்ணு அம்மு, அவ புருசன் அர்ஜுனு. நாலு பேருதான். ஏற்பாடுலாம் அம்முதான். அப்பாவ எங்கனா இட்டுகினு போவணும்மா, கடல் சத்தமே கேக்காத எடமா பாத்து போவணும்னா. அவரு அப்போ வூட்லதான் குந்திகினு இருந்தாரு. டிவி போடுவாரு, சவுண்ட கொறச்சிடுவாரு, வாயசைக்கறத பாத்துகினே இருப்பாரு. சோறு போட்டா துன்னுவாரு, போடாங்காட்டி கேக்கமாட்டாரு. ஒடம்புக்குலாம் ஒண்ணும் இல்லமா, நல்லாத்தான் இருந்தாரு. அத்த வுடு.

மாப்ளய பத்தி சொல்றேன் கேளு. பெரம்பூர்ல ரயிலு பொட்டி செய்யற எடத்துல வேல. தங்கமான புள்ள, நான் ஒரு கொற சொல்லமாட்டேன். ஆனா மலைக்குப் போறோம்னு சொன்னதுலேருந்து ராவும் பகலும் போன்ல மலையேறறவன் வீடியோவா பாத்து, அவரே மலையேறி ஆயிட்டாரு. முதுவுல ஒரு மூட்ட, அதுல எங்க தொட்டாலும் ஜிப்பு. காலுல ஒரு பூட்ஸு, ஒண்ணொண்ணும் ஒரு சின்ன போட்டு சைஸு. கய்த்துல பிகிலு. நெத்தில லைட்டு. சென்ட்ரல் ஸ்டேசன்லயே நெத்தி லைட்ட கட்டிகினு நிக்கறாரு. கூலிக்காரன் ஒருத்தன் கிட்ட வந்து, இன்னா சார் கரண்டு வேலயான்றான். நான் அந்தப் பக்கம் திரும்பிகினேன். மாப்ளயாச்சே, மூஞ்சிக்கு நேரா சிரிக்க முடியுமா.

போடி வரைக்கும் ரயிலு. அங்கேந்து பஸ்ஸு. அங்கதான் மொத பேஜாரு.

எங்கூட்டுக்காரு எப்பேர்ப்பட்ட ஆளுன்ற. காத்தடிக்கிற நேரத்துல, மத்தவன்லாம் போட்டுல குப்புற கெடந்து கக்கிகினு இருப்பான், இவரு நடுவுல நின்னுகினு பீடி பத்த வெப்பாரு. அந்த மனுசன் ரெண்டாவது வளைவுல டர்ராயிட்டாரு. மூணாவதுல மூஞ்சி வெளுத்துப் போச்சி. அப்பால ஜன்னலுக்கு வெளிய தல வுட்டவருதான், மல உச்சி வர வரைக்கும் உள்ள எடுக்கல. எனக்கு சிரிப்பும் வருது, பாவமாவும் கீது. நடுவுல ஒரு தபா எயுந்து, தள்ளாடிகினே டிரைவர்கிட்ட போயி, நைனா, நீ அலைய பக்கவாட்டுல வாங்குற, அதான் இப்டி உருட்டுது, மூக்குல வாங்குன்றாரு. டிரைவரு மலையாளத்தாளு. அலையா, எந்து அலன்றான். இவரு திரும்பி வந்து குந்திகினு, ஓட்டத் தெரியாதவன்கிட்ட குட்த்துட்டானுங்கன்னாரு. அந்த மாசத்துல அவரா பேசுன பெரிய பேச்சு அதான். அம்மு எங்கைய புட்ச்சி அமுக்குனா.

பூங்கா வாசல்ல பைலாம் சோதன போடறாங்க. பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸு பாக்கெட்டு எல்லாத்தையும் வாங்கி வெச்சிக்கறாங்க. ஆன்சின்னு ஒரு பொண்ணு, காக்கி போட்டுகினு, ஒவ்வொரு பையா தொறந்து பாக்குது. எம்பையில உள்பாவாட நடுவுல வஞ்சிரக் கருவாடு கீது. நல்ல துண்டுங்க, நானே உப்பு போட்டு காய வெச்சது. போற எடத்துல அவரு வாயிக்கு இன்னா கெடைக்கப்போதோன்னு எட்த்துகினு போனேன். அந்தப் பொண்ணுக்கு நல்ல ஜல்பு, மூக்கு அடச்சிகினு கீது. பைய தொறந்துச்சி, துணிய தூக்குச்சி, சரி போன்னுட்டுச்சி. பின்னாடி நின்னவன் மூக்க பொத்திகினு ரெண்டடி தள்ளிப் போறான், அது அவன முறைக்குது, வரிசைல நில்லுன்னு. தப்புதான்மா, இப்போ தெரியுது. அன்னிக்கி பெரிய சாமர்த்தியம் பண்ணதா நெனிச்சிகினேன்.

தங்கறதுக்கு காட்டு நடுவுல மரப் பலகைல கட்டுன ஒரு வூடு. சோக்கா இருந்துச்சி. எங்களுக்கு வயி காட்டறதுக்கு ஷிபின்னு ஒரு தம்பி, அந்த ஊரு ஆளு. ஒல்லியா, அமைதியா இருப்பான். நாம பேசறது பாதி அவனுக்குப் புரியாது, அவன் பேசறது பாதி நமக்குப் புரியாது, ஆனா தலய மட்டும் நல்லா ஆட்டுவான். சாயங்காலம் கஞ்சி வெச்சி குட்த்தான். வெறுங்கஞ்சி எப்டிமா எறங்கும். ஷிபினு தண்ணி எடுக்கப் போன நேரத்துல ரெண்டு துண்டு கருவாட்ட அடுப்புல வாட்டிட்டேன். வாசன கெளம்புச்சி பாரு, மலையே மணக்குது. மாப்ள கூட தட்ட எட்த்துகினு வந்துட்டாரு.

அந்த நேரத்துல வாசப்படில ஒரு பன்னி வந்து நின்னுச்சி.

நம்ம தெருவுல பாக்காத பன்னியா. வூட்டாண்ட வந்தா செருப்பக் கயட்டி அடிப்பேன், ஓடிரும். நான் பாட்டுக்கு, தே, போ அந்தப் பக்கம்னு செருப்ப எட்த்துகினு கிட்ட போறேன். கொஞ்சம் மயிரு ஜாஸ்தியா இருந்துச்சி. வாயி ஓரத்துல பல்லு வெளிய நீட்டிகினு இருந்துச்சி. மலைப் பன்னி இப்டித்தான் இருக்கும் போலன்னு நெனிச்சேன். மூக்கு மேலயே ஒண்ணு வெச்சேன். அது மெர்சலாயிட்டுச்சி மா, ஒரு அடி பின்னால போயி என்னப் பாக்குது, அது பொயப்புல யாரும் அத்த செருப்பால அடிச்சதில்ல போல. திரும்பிப் பாக்கறேன், தண்ணிக் கொடத்தோட வந்த ஷிபினு கொடத்த போட்டுட்டு மேச மேல நிக்கறான், கும்புட்டுகினு, சேச்சி, காட்டுப்பன்னி சேச்சின்றான். மாப்ளய காணோம். அப்பால தேடுனா பின்பக்கம் தண்ணி டேங்க்கு மேல குந்திகினு பிகிலு ஊதறாரு. அந்தப் பூட்ஸ போட்டுகினு எப்டி ஏறுனாரோ தெரில, அத்தனி வீடியோ பாத்தது வீண் போவல.

எங்கூட்டுக்காரா. அதத்தான் சொல்ல வந்தேன். அவரு தாழ்வாரத்துல நாற்காலில குந்திகினு இருந்தாரு. நவுரவே இல்ல. பன்னி நேரா அவராண்ட போச்சி. காலு ரெண்டையும் தூக்கி வெச்சிகினாரு, பெருக்கறவங்களுக்கு வயி வுடுவோமே, அந்த மாரி. அது அவர மோந்து பாத்துச்சி, இந்தாளுகிட்ட ஒண்ணும் இல்லன்னு கருவாட்டுத் தட்ட கவுத்துட்டு வாயில கவ்விகினு காட்டுக்குள்ள போயிருச்சி. பன்னிக்கே தெரிஞ்சிபோச்சி பாரு. ஒரு மனுசனுக்கு பயம் கூட வரலன்னா அது நல்லதா சொல்லு. ஷிபினு கீய எறங்கி வந்து, சேச்சி, இனிமே மீன் இவிட வோணாம்னு கைய கூப்புனான். நானும் கைய கூப்புனேன். மிச்சம் இருந்தத ஒரு டப்பால போட்டு மூடி, அவனே ஆபீஸ் ரூம்ல பூட்டி வெச்சான்.

காலைல நடந்து போறது. ஆளுக்கு ஒரு துணி காலுற குட்த்தாங்க, அட்டைக்காவ. அத்த போட்டா வேர்க்குதுன்னு நான் கயட்டி இடுப்புல சொருவிகினேன், அதோட பலன்தான் நீ பாக்கற இந்தத் தயும்பு. எங்கூட்டுக்காரு காலுலயும் ஒரு அட்ட ஏறிடுச்சி. சுறாவ வெறுங்கையால வாலப் புட்ச்சி தூக்கற மனுசன், அந்தத் துளியூண்டு புயுவ பாத்துட்டு ஒத்தக் கால்ல குதிக்கறாரு. கன்னி, எடு, கன்னி, எட்த்துருன்னு எம்பேர சொல்லி கத்தறாரு. நான் உப்பு தேடறேன். எங்கிட்ட இருந்த உப்பெல்லாம் கருவாட்டுலதான் இருந்துச்சி, அது ஆபீஸ் ரூம்ல கீது. ஷிபினு வெரலால சுண்டி வுட்டான். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசம்மா. பன்னிக்கு பயப்படலன்னாலும் அட்டைக்காவது பயந்தாரே.

மேல ஏறுனா பெரிய புல்லுவெளி. மொட்டயா, பச்சையா, ஒரு மரங் கெடயாது. அங்கங்க ஆடு மேயுது, வரையாடாம். மாப்ள அதுங்கள படம் புட்ச்சி புட்ச்சி போன் சார்ஜ தீத்துட்டாரு. பாதைல ஒரு கொட்டா கீது, அங்க குந்தி இட்லி துன்னோம், அப்பால இன்னும் கொஞ்ச தூரம் போனோம். அங்க ஷிபினு ஈரப் புல்லுல வயுக்கி கணுக்கால சுளுக்கிகினான். அவனுக்கு துணி கட்டிகினு இருக்கறப்பவே மஞ்சு எறங்கிருச்சி.

மஞ்சுன்னா பனிமா. மாதவரத்துல மார்கழில பாக்கறியே அது இல்ல. இது பால கொட்டுன மாரி. எங்கைய நீட்டுனா எங்கை எனக்குத் தெரில. அம்மு பக்கத்துலதான் நிக்கறா, கொரலு மட்டும்தான் வருது. ஷிபினு நல்ல புத்தி சொன்னான். ஒண்ணும் பயப்பட வோணாம், இங்கயே இரிக்கணும், மஞ்சு தானா மாறும்னான். நாங்களும் குந்திட்டோம்.

அப்போதான் எங்கூட்டுக்காரு எயுந்தாரு. கொரலே வேறயா இருந்துச்சி. ஒரே எடத்துல நிக்கக் கூடாது, நீரோட்டம் இயுத்துகினு போயிரும், காத்து எம்மூஞ்சில அடிக்குது, கர அந்தப் பக்கம்தான், எல்லாரும் எயுந்துருங்கன்னாரு.

மலை மேல நீரோட்டம் ஏதுமா. ஆனா யாரு சொல்றது. மாசக்கணக்கா சரியா வாயத் தொறக்காத மனுசன் நாலு வார்த்த சேத்து பேசிகினு கீறாரு. மாப்ள, மாமா இது மலன்னு ஆரம்பிச்சாரு. அம்மு எங்க கிள்ளுனாளோ தெரில, ஆன்னு ஒரு சத்தம் வந்துச்சி, அப்பால மாப்ள பேசல. அவ ஷிபின்கிட்ட கெஞ்சுனா, அண்ணா, பள்ளம் கிள்ளம் இல்லியேன்னு. இல்ல, எல்லாம் புல்லுதான், மெல்ல நடக்கட்டும்னான் அந்தத் தம்பி. புண்ணியவான்.

எம்பைலேருந்து மாத்துப் பொடவய எடுக்கச் சொன்னாரு. அத்த முறுக்கி, ஒவ்வொருத்தர் இடுப்புலயும் ஒரு சுத்து சுத்தி முடிச்சி போட்டாரு. கண்ணு தெரியாத மஞ்சுல அந்தக் கை போடற முடிச்சப் பாக்கணுமே, ஒண்ணு கூட நயுவாது. முன்னால அவரு, அப்பால நானு, அம்மு, மாப்ள, கடசில நொண்டிகினு ஷிபினு. இயுத்துகினு கெளம்பிட்டாரு. நடந்துகினே பேரு சொல்லி கூப்புடறாரு. கன்னி. கீறேன். அம்மு. கீறேன்பா. மாப்ள. இருக்கேன் மாமா. ஷிபினு. உண்டு சேட்டா. நாலடி போவாரு, மறுபடி மொதல்லேருந்து. கன்னி. அம்மு. மாப்ள. ஷிபினு. நாங்களும் பள்ளிக்கூடத்துல சொல்ற மாரி சொல்லிகினே போறோம். மாப்ள நடுநடுவுல பிகிலு வேற.

அப்டியே போய்கினு இருக்கறப்ப, ஷிபினுக்கு அப்பால இன்னொரு பேரு கூப்ட்டாரு. குணசேகரான்னாரு.

குணசேகரன் எங்க கூட வரல. அவரு யாருன்னு எனக்கும் அம்முவுக்கும் தெரியும். எங்கூட்டுக்காரு நின்னுட்டாரு. பொடவ தொய்ஞ்சி போச்சி. மறுபடி கூப்ட்டாரு, குணசேகரா, டே, குணசேகரான்னு. கொரலு ஒடயுது. ஒண்ணும் கேக்கல, காத்து மட்டும்தான்.

பின்னாலேருந்து அந்த ஷிபினு இன்னா நெனிச்சானோ. பெருசு நம்ம பேர மாத்தி கூப்புடுதுன்னு நெனிச்சிருப்பான், ஊரு பேரு புரியாத புள்ள. உண்டு சேட்டா, ஞான் பொறகில உண்டு, நிங்ஙள் பொய்க்கோன்னான். பின்னாலதான் கீறேன், நீ போய்க்கோன்றான்.

நான் எங்கூட்டுக்காருக்குப் பின்னாலதானே, பொடவ வயியா தெரியுது, ஒடம்பு குலுங்குது. நானும் அய்வட்டும்னு வுட்டுட்டேன். அப்பால அவரு மூக்க சிந்திட்டு, சரிடான்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சாரு. அதுக்கப்பால அந்தப் பேர கூப்புடல.

வயி கண்டுபுட்ச்சாரான்னு கேக்கறியா. அதான்மா கூத்து. கொஞ்ச தூரம் போனதும் கைய நீட்டி தடவறாரு, செவுரு. கர வந்துருச்சின்னாரு. எப்டி சொன்னாரு தெரியுமா, அமெரிக்காவ கண்டுபுட்ச்ச மாரி. எங்களுக்கும் சந்தோசம், செவுத்த தடவிகினே போறோம். மஞ்சு மெல்ல வெலகுது. பாத்தா, நாங்க இட்லி துன்னோமே, அந்தக் கொட்டாவுக்குப் பின்னால கீற பொம்பளைங்க கக்கூசு. வடக்கத்தி பொம்பளைங்க ஒரு பத்து பேரு வரிசைல நிக்கறாங்க. அவங்க முன்னால நாங்க, ஒரே பொடவைல அஞ்சு பேரு கட்டிகினு, முன்னால மீசய முறுக்கிகினு எங்கூட்டுக்காரு, நடுவுல நெத்தில லைட்டு எரிய பிகிலு ஊதிகினு எம்மாப்ள. ஒரு அம்மா இந்தில ஏதோ கேட்டுச்சி. மாப்ள சொன்னாரு, வரிசைல பின்னால வாங்கன்னு சொல்றாங்க மாமா.

அதுலதான் அவரு சிரிச்சாரு. மொதல்ல மூக்கால ஒரு சத்தம். அப்பால வயித்த புட்ச்சிகினு அந்தப் புல்லுலயே குந்திட்டாரு. அவரு குந்துனா கட்டிகீற நாங்களும் குந்தணுமே, அஞ்சு பேரும் கக்கூசு வாசல்ல பொத்துன்னு குந்திட்டோம். கண்ணுல தண்ணி வர சிரிக்கறாரு. அம்மு அய்வறாளா சிரிக்கறாளா தெரில. ஷிபினு காரணமே தெரியாம சிரிக்கறான். அந்த வடக்கத்தி அம்மா எங்களுக்கு பிஸ்கெட்டு குட்த்துட்டுப் போச்சி, பாவம்னு நெனிச்சி.

குணசேகரனா. அவரு இவரோட கூட்டாளி. சின்ன வயசுலேருந்து ஒரே போட்டு, ஒரே வல. போன மயைல கடலு எயும்பி போட்டு கவுந்துச்சி. இவரு வந்தாரு, அவரு வரல. இருட்டுல மெதந்துகினே விடியற வரைக்கும் பேரு சொல்லி கூப்ட்டுகினே இருந்தாராம், சத்தமே வரலயாம். அன்னிலேருந்து இவரு கடலுக்குப் போவல. கடலப் பாத்த ஜன்னல கூட சாத்திட்டாரு. ஊரே வந்து சொல்லிப் பாத்தாங்க.

இன்னிக்கிதான்மா மறுபடி போயிகீறாரு. நேத்து சாயங்காலம் தானா போயி வலய எட்த்து ஒதறுனாரு. விடியறதுக்கு முன்னாடி போட்டுல எறங்கறப்ப, நாஷ்டாவுக்கு வந்துருவேன்னாரு, அவ்ளோதான். அதான் இப்டி வாயி மூடாம உங்கிட்ட பேசிகினு கீறேன். வாயி மூடுனா கண்ணு கடலுக்குப் போவுது.

நீ என்ன மீன்காரின்னு நெனிச்சிதான் பக்கத்துல குந்துனியா. எங்கிட்ட ஏது மீனு. நான் சொம்மா வந்து குந்திகீறேன்.

தொ. அந்த ரெண்டு போட்டுக்கு நடுவுல ஒண்ணு வருது பாரு. ஒரு கைய இடுப்புல வெச்சிகினு நிக்கறாரே, சட்ட இல்லாம. அந்தாளுதான். கொஞ்சம் கை குடுமா, எயுந்துக்கறேன்.

எனக்கு ஒரு ஒத்தாச பண்றியா. நீ நேரா அவராண்ட போயி மீன் இன்னா வெலன்னு கேளு. அவரு சொல்றத ஒடனே ஒத்துக்காத, நல்லா பேரம் பேசு, ரெண்டு வார்த்த திட்டுனாலும் தப்பில்ல. யாரோ ஒருத்தி வந்து வம்பு பண்ணாதான் இது எப்பவும் போல ஒரு நாளுன்னு அந்தாளுக்குத் தோணும். நான் இங்க குந்திகினு இருந்தேன்னு மட்டும் சொல்லிராத. நான் ஐஸ் கம்பெனி சந்து வயியா வூட்டுக்கு ஓடறேன், மாவு அப்டியே கீது, இட்லி ஊத்தணும்.